ஸ்பார்க் பிளக் மாற்றிய பிறகு எஞ்சின் உதறினால்: முதல் தலைமுறை மியாட்டா வைத்திருப்போருக்கு ஒரு வழிகாட்டி

முதல் தலைமுறை மஸ்தா எம்எக்ஸ்-5 மியாட்டாவைப் புதிதாக வாங்கியவர்கள் தம் கையாலேயே செய்து பார்க்கும் முதல் வேலைகளில் ஒன்று ஸ்பார்க் பிளக் மாற்றுவது. 1989இல் சிகாகோ வாகனக் கண்காட்சியில் அறிமுகமாகி 1997 வரை தயாரான இந்த இருவர் காரில் பானெட்டைத் திறந்தாலே போதும். நான்கு சிலிண்டர்களின் பிளக் கிணறுகளும் (பிளக்குகள் அமரும் ஆழமான குழிகள்) இரண்டு கேம்ஷாஃப்டுகளுக்கு நடுவே, மேலிருந்து கை எட்டும்படி வரிசையாக இருக்கும். வேறு எந்தப் பாகத்தையும் கழற்றிக் குவிக்கத் தேவையில்லை. ஆனால் எளிய வேலை என்பதாலேயே அவசரமாகச் செய்யப்படும் வேலையாகவும் இது ஆகிவிடுகிறது. முடித்துவிட்டுச் சாவியைத் திருப்பும்போது, அதுவரை சீராக ஓடிய எஞ்சின் உதறும், முடுக்கினால் இடறும், புகைபோக்கியிலிருந்து பெட்ரோல் வாடை வரும், சில வேளை எடுக்கவே எடுக்காது.

அந்த நேரத்தில் புதியவர்கள் செய்யும் பெரிய தவறு, காயிலையோ (பொறிக்கான உயர் மின்னழுத்தத்தைத் தரும் பாகம்) சென்சாரையோ புதிதாக வாங்க ஓடுவது. வேலைக்கு முன்பு எஞ்சின் நன்றாக ஓடியிருந்தால், கோளாறு உங்கள் கை பட்ட இடத்தில்தான் இருக்கும் என்று வைத்துக்கொண்டு, செய்த வேலையைப் பின்னிருந்து முன்னாகத் திரும்ப நடந்து பார்ப்பதே சரியான முறை. கை பட்டவை மிகச் சிலவே: நான்கு பிளக்குகள், நான்கு பிளக் கம்பிகள், அவற்றின் ரப்பர் மூடிகள், அருகிலுள்ள ஓரிரு குழாய்கள், ஒருவேளை பேட்டரி. இதற்கு விதிவிலக்கு ஒன்றுண்டு. எஞ்சின் ஏற்கெனவே தவறி எரிந்ததால்தான் நீங்கள் பிளக்கை மாற்றினீர்கள் என்றால், பழைய கோளாறு அப்படியே தொடர்கிறது என்று பொருள். அதைப் புதுப் பிளக்கின் தலையில் சுமத்தவேண்டாம்.

எஞ்சின் உதறும் நிலையில் வண்டியை ஓட்டிப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம் என்று எண்ணவேண்டாம். எரியாத சிலிண்டருக்குள் பாய்ந்த பெட்ரோல் அப்படியே வெளியேறி, புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து, அதை அளவுக்கு மீறிச் சூடாக்கி உருக்கிவிடும். அந்தப் பாகத்தின் விலை நான்கு பிளக்குகளின் விலையைப் போலப் பல மடங்கு. எனவே எஞ்சினை நிறுத்துங்கள், ஆறவிடுங்கள். சிலிண்டர் ஹெட் அலுமினியத்தால் ஆனது; சூடாக இருக்கும்போது பிளக்கைக் கழற்றினால் மரை கெடக்கூடும். இக்னிஷன் ஓடும்போது கம்பிகளில் பாயும் அழுத்தம் ஆயிரக்கணக்கான வோல்ட் என்பதால், ஓடும் எஞ்சினில் பிளக் கம்பியைக் கையால் பிடிக்கவும் கூடாது. இதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள் அந்தப் பக்கமே போகக்கூடாது.

கம்பிகள் தம் இடத்தில் இருக்கின்றனவா

முதலில் பார்க்கவேண்டியது இதுதான். ஏனென்றால் எஞ்சின் எடுத்த கணத்திலிருந்தே கடுமையாக உதறி, காற்று நுழையும் பக்கம் ‘டப் டப்’ என்று வெடித்தால், பத்தில் எட்டு முறை இரண்டு கம்பிகள் இடம் மாறியிருக்கும் என்பது என் கணிப்பு.

மியாட்டாவில் பழைய கார்களைப் போல, ஒவ்வொரு பிளக்குக்கும் மின்சாரத்தைப் பகிர்ந்தளிக்கும் டிஸ்ட்ரிபியூட்டர் கிடையாது. எஞ்சினின் பின்புறம், எஞ்சினையும் பயணிகள் அறையையும் பிரிக்கும் தீச்சுவரை ஒட்டி, இரண்டு காயில்கள் சேர்ந்த ஒரு தொகுப்பு இருக்கிறது. அதிலிருந்து நான்கு கம்பிகள் புறப்பட்டு நான்கு பிளக்குகளுக்கு வருகின்றன. ரேடியேட்டரை ஒட்டி முன்னால் இருப்பது 1ஆம் சிலிண்டர். தீச்சுவரை ஒட்டியிருப்பது 4ஆம் சிலிண்டர். எரியும் வரிசை 1-3-4-2. ஆனால் காயில்கள் சிலிண்டர்களை இரண்டிரண்டாகவே கவனிக்கின்றன: ஒரு காயில் 1க்கும் 4க்கும், மற்றொன்று 2க்கும் 3க்கும். 1ஆம் பிஸ்டனும் 4ஆம் பிஸ்டனும் எப்போதும் ஒன்றாகவே மேலெழுகின்றன. ஒன்றில் கலவை அழுந்தி எரியத் தயாராக இருக்கும்போது, மற்றொன்றில் எரிந்து முடிந்த புகை வெளியேறிக்கொண்டிருக்கும். காயில் இரண்டிலும் ஒரே நேரத்தில் பொறி வைக்கிறது. ஒன்று வேலை செய்கிறது, மற்றது வீணாகிறது. வீண் பொறி முறை என்று இதைச் சொல்லலாம்.

இந்த ஏற்பாட்டைப் புரிந்துகொண்டால் கோளாறு தேடுவது பாதி எளிதாகிவிடும். 1ஆம் கம்பியையும் 4ஆம் கம்பியையும் நீங்கள் மாற்றிச் செருகியிருந்தாலும் எஞ்சினுக்கு எதுவும் தெரியாது, அது எப்போதும் போல் ஓடும். 2க்கும் 3க்கும் இடையே மாற்றினாலும் அப்படியே. ஆனால் 1ஐயும் 2ஐயும் மாற்றிவிட்டால், அந்த இரண்டு சிலிண்டர்களுக்கும் பிஸ்டன் கீழே இருக்கும் நேரத்தில் பொறி விழும். உள்ளே வரும் வால்வு இன்னும் முழுதாக மூடாத நிலையில் கலவை பற்றிக்கொண்டு, காற்று வந்த வழியே திரும்பி வெடிக்கும். எஞ்சின் 3, 4 ஆகிய இரண்டு சிலிண்டர்களை மட்டும் நம்பி ஓடும். 1.6 லிட்டர் எஞ்சினில் காற்றை அளப்பது ஒரு மடல் போன்ற கதவு என்பதால், இந்தப் பின்வெடிப்பு அதன்மீது அறைவதையும் விரும்பத்தக்கதாகக் கருத முடியாது. ஆகவே வெடிச் சத்தம் கேட்டதும் உடனே நிறுத்தவேண்டும்.

செய்யவேண்டியது இவ்வளவுதான்: ஒவ்வொரு கம்பியையும் பிளக்கிலிருந்து காயில் வரை விரலால் தடவிச் சென்று, காயிலின் எந்த முனையில் முடிகிறது என்று பார்த்து, ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். காயில் முனைகள் எந்தெந்தச் சிலிண்டருக்கு உரியவை என்பதை உங்கள் ஆண்டு மாதிரிக்கான பழுதுபார்ப்புக் கையேட்டில் சரிபார்த்துக்கொள்ளுங்கள். கம்பிகளின் நீளம் ஒன்றுக்கொன்று வேறுபடும். நீளமான கம்பி வளைந்து நெளிந்து கிடக்க, குட்டையான கம்பி நரம்பாக இழுபட்டு நின்றால், அங்கே இடம் மாறியிருக்கிறது. அடுத்த முறை இந்தத் தொல்லையே வராமல் இருக்க, ஒரு நேரத்தில் ஒரு கம்பியை மட்டும் கழற்றி, அந்தப் பிளக்கை மாற்றி, அதே கம்பியைத் திரும்பச் செருகிய பிறகே அடுத்ததைத் தொடவேண்டும்.

ரப்பர் மூடியும் கிணறும்

கம்பிகள் சரியான இடத்தில் இருந்தும் எஞ்சின் உதறினால், அடுத்தது ரப்பர் மூடி. மூடியைப் பிளக்கின் தலைமீது அழுத்தும்போது, உள்ளேயிருக்கும் உலோகக் கவ்வி பிளக்கின் முனையைப் பிடித்துக்கொள்ளும் ஒரு சிறு ‘க்ளிக்’ கையில் உணரப்படவேண்டும். கிணறு ஆழமாக இருப்பதாலும், மூடியின் மேல்விளிம்பு கிணற்றின் வாயை அடைத்துக்கொள்வதாலும், உள்ளே சிக்கிய காற்று மூடியை மெல்ல மேலே தள்ளிவிடுவதுண்டு. வெளியிலிருந்து பார்த்தால் சரியாக உட்கார்ந்ததுபோலவே தெரியும். நானே ஒருமுறை 3ஆம் சிலிண்டரின் மூடியை இப்படி அரைகுறையாகச் செருகிவிட்டு, ஒரு மாலை முழுவதும் மற்ற எல்லாவற்றையும் சோதித்தேன். மூடியைக் கொஞ்சம் திருகியபடியே அழுத்தினால் காற்று வெளியேறிவிடும். உட்புறம் சிறிதளவு டைஎலக்ட்ரிக் கிரீஸ் (மின்சாரம் கடத்தாத கிரீஸ்) தடவினால் செருகவும் எளிது, பின்னால் கழற்றவும் எளிது.

சில பிளக்குகளின் உச்சியில் இருக்கும் சிறிய உலோகத் தொப்பி தனியாகத் திருகிப் பொருத்தப்பட்டிருக்கும். மியாட்டாவின் கம்பிகளுக்கு அந்தத் தொப்பி தேவை. அது தளர்ந்திருந்தால் மூடியோடு சேர்ந்து ஆடும். பெட்டியிலேயே விழுந்துவிட்டிருந்தால் கம்பி எதையும் பிடிக்காது. புதுப் பிளக்கைச் செருகும் முன் குறட்டால் ஒருமுறை இறுக்கிப் பார்ப்பது நல்லது.

இனி கிணற்றுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். பழைய மியாட்டாக்களில் கேம்ஷாஃப்டுகளை மூடும் கேம் கவரின் அடைப்பான கேஸ்கெட் இறுகிக் காய்ந்துபோய், எஞ்சின் ஆயில் கிணற்றுக்குள் கசிந்து தேங்குவது சாதாரணமாகக் காணப்படும் ஒன்று. பழைய பிளக்கை நீங்கள் கழற்றிய கணத்தில் அந்த ஆயில் சிலிண்டருக்குள் வடிந்திருக்கும். முதல் சில நிமிடங்களுக்கு நீலப் புகை வந்து பிறகு நின்றுவிட்டால் அதற்குக் காரணம் அதுவே. ஆனால் கிணற்றில் இன்னும் ஆயில் நிற்குமானால், அது ரப்பரை ஊறவைத்து மென்மையாக்கி, பொறியைப் பக்கவாட்டில் உலோகத்தை நோக்கி ஒழுகவிடும். துணி சுற்றிய குச்சியால் ஒற்றியெடுத்து, மூடியையும் துடைத்துச் செருகினால் எஞ்சின் சீராகலாம். நிரந்தரத் தீர்வு கேஸ்கெட்டை மாற்றுவதே. எஞ்சினைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவிவிட்டுப் பிளக் மாற்றியவர்கள் ஆயிலுக்குப் பதில் தண்ணீரைக் காண்பார்கள். அழுத்தக் காற்றால் ஊதி உலர்த்தவேண்டும்.

கம்பியைக் கழற்றும்போது மூடியைப் பிடிக்காமல் கம்பியைப் பிடித்து இழுத்தீர்களா என்றும் நினைவுபடுத்திப் பாருங்கள். இந்தக் கம்பிகளின் நடுவே இருப்பது செம்பு நரம்பன்று, மெல்லிய கரிம இழை. வெளியுறையில் கீறல்கூட இல்லாமல் உள்ளே இழை விட்டுப்போவது எளிது, அதுவும் பல ஆண்டுகள் வெப்பத்தில் வெந்த கம்பியாக இருந்தால். மல்டிமீட்டரில் நான்கு கம்பிகளையும் முனைக்கு முனை அளந்து ஒப்பிடுங்கள். நல்ல கம்பிகளில் சில ஆயிரம் ஓம் மின்தடை காட்டும், நீளம் கூடக் கூட அதுவும் கூடும். ஒன்று மட்டும் மற்றவற்றோடு ஒட்டாமல் தாவினாலோ, கம்பியை மெதுவாக வளைக்கும்போது எண் அலைபாய்ந்தாலோ, நான்கையும் ஒரு தொகுப்பாக மாற்றுவதே அறிவுடைமை. இருட்டில் பானெட்டைத் திறந்து, எஞ்சின் ஓடும்போது தள்ளி நின்று பார்த்தால், உறை விரிசல்விட்ட கம்பியிலிருந்து நீலப் பொறி தெறிப்பதைக் கண்ணாலேயே காணலாம்.

பிளக்கைத் திரும்ப வெளியே எடுத்துப் பாருங்கள்

புதுப் பிளக் என்றால் நல்ல பிளக் என்று நம்பிவிடவேண்டாம். மேலே சொன்னவற்றில் எதுவும் அகப்படவில்லையென்றால், நான்கையும் கழற்றி, எது எந்தச் சிலிண்டரிலிருந்து வந்தது என்று குறித்து, வெளிச்சத்தில் வரிசையாக அடுக்குங்கள். கழற்றும் முன் கிணற்றை ஊதிச் சுத்தம் செய்வது கட்டாயம். உள்ளே கிடக்கும் ஒரு மணல் துகள் சிலிண்டருக்குள் விழுந்தால் சுவரைக் கீறும்.

முதலில் எண். இந்த எஞ்சின்களுக்குப் பரவலாகப் பயன்படும் என்ஜிகே பிளக்கின் எண்ணான பிகேஆர்6இ-11 என்பதை எழுத்தெழுத்தாகப் பிரிக்கலாம்: 14 மில்லிமீட்டர் மரை, 16 மில்லிமீட்டர் அறுகோணத் தலை, உள்ளே ரெசிஸ்டர், வெப்ப அளவு 6, மரையின் நீளம் 19 மில்லிமீட்டர், இடைவெளி 1.1 மில்லிமீட்டர். அந்த ‘ஆர்’ இல்லாத பிளக்கைப் போட்டால் பொறியின் மின்னிரைச்சல் வானொலியிலும் எஞ்சின் கணினியிலும் குறுக்கிடும். மரை நீளம் குறைந்தால் பொறி கலவைக்குள் எட்டாமல் ஒளிந்துகொள்ளும்; கூடினால் பிஸ்டனிலேயே இடிக்கலாம். வெப்ப அளவில்தான் கடைக்காரரே தடுமாறும் சிக்கல் இருக்கிறது: என்ஜிகே, டென்ஸோ பிளக்குகளில் எண் கூடினால் பிளக் குளிர்ந்த வகை (தன் சூட்டை விரைவில் இறக்கிவைப்பது), சாம்பியன், பாஷ் பிளக்குகளில் எண் கூடினால் சூடான வகை. எனவே ஒரு நிறுவனத்தின் எண்ணை மற்றொன்றின் எண்ணோடு நேரடியாக ஒப்பிடக்கூடாது, மாற்று அட்டவணையைப் பார்த்தே வாங்கவேண்டும். தேவைக்கு மேல் குளிர்ந்த பிளக், நகரத்தின் மெதுவான ஓட்டத்தில் தன்மேல் படியும் கரியை எரித்துக்கொள்ள இயலாமல் சில நாட்களில் இடறத் தொடங்கும். தேவைக்கு மேல் சூடான பிளக் அதைவிட ஆபத்தானது. நெடுஞ்சாலை வேகத்தில் பொறி வருமுன்னே கலவையைப் பற்றவைத்துவிடும்.

அடுத்தது இடைவெளி. தொழிற்சாலையில் அளந்து அனுப்பியதுதான் என்றாலும், பெட்டி கீழே விழுந்தாலோ, கிணற்றுக்குள் பிளக்கை நழுவவிட்டாலோ, பக்க முனை வளைந்து இடைவெளி மூடிப்போகும். மெல்லிய தகடுகளால் ஆன ஃபீலர் கேஜ் என்னும் அளவியால் அளந்தால் 1.0 முதல் 1.1 மில்லிமீட்டர் வரை இருக்கவேண்டும். மூடிப்போன பிளக் ஐட்லிங்கில் (முடுக்கியைத் தொடாமல் எஞ்சின் ஓடும் நிலையில்) உதறும். கூடுதலாக விரிந்த பிளக்கோ ஐட்லிங்கில் நல்ல பிள்ளையாக இருந்துவிட்டு, மூன்றாம் கியரில் முடுக்கியை அழுத்தும்போது இடறும். சிலிண்டருக்குள் அழுத்தம் ஏற ஏறப் பொறி தாண்டுவதற்கு அதிக வோல்ட் தேவைப்படுவதே காரணம். சாதாரண நிக்கல் முனைப் பிளக்கில் பக்க முனையை மெதுவாக வளைத்துச் சரிசெய்யலாம். இரிடியம் பிளக்கின் நடுமுனை ஊசிபோல் மெல்லியது. நாணய வடிவ அளவியை இடையில் நுழைத்துத் திருகினால் அது ஒடிந்துவிடும், ஆகவே கூடாது.

பீங்கானைக் கூர்ந்து பாருங்கள். சாக்கெட்டைச் சாய்த்துப் பிடித்து இறுக்கியிருந்தால், பீங்கானில் மயிரிழை போன்ற விரிசல் விழுந்திருக்கும். பென்சிலால் கோடிட்டதுபோல் மேலிருந்து கீழாகக் கறுப்புத் தடம் ஓடியிருந்தால், பொறி உள்ளே போகாமல் பீங்கானின் வெளிப்புறமாக வழிந்து உலோகத்தை அடைந்திருக்கிறது என்று பொருள். அந்தத் தடம் ரப்பர் மூடியின் உட்புறத்திலும் பதிந்திருக்கும். பிளக்கை மட்டும் மாற்றி மூடியை விட்டுவிட்டால் பொறி பழைய தடத்தையே தேடிக்கொள்ளும். பீங்கானும் உலோக உடலும் சேரும் இடத்தில் வளையமாகத் தெரியும் இளம்பழுப்புக் கறை வேறு; அது உயர் மின்னழுத்தத்தால் தூசி ஒட்டியதால் வருவது, கோளாறு அன்று.

எரியும் முனையின் நிறம் மற்றொரு சாட்சி. நான்கில் மூன்று காய்ந்து லேசாக நிறம் மாறியிருக்க, ஒன்று மட்டும் பெட்ரோல் ஈரத்தோடு பளபளத்தால், அந்தச் சிலிண்டரில் பொறி விழவில்லை. ஈரம் ஆயிலாக இருந்தால் கிணற்றுக்குத் திரும்புங்கள். நான்குமே உலர்ந்த கரியால் கறுத்திருந்தால் கலவையில் பெட்ரோல் மிகுந்திருக்கிறது. தனியொரு கம்பியைக் குறைசொல்ல இடமில்லை.

திரும்பப் போடும்போது, முதல் சில சுற்றுகளை விரல்களாலோ, பிளக்கின் தலையில் மாட்டிய ஒரு துண்டு ரப்பர் குழாயாலோ மட்டுமே திருகுங்கள். மரை கோணலாக ஏறினால் ரப்பர் குழாய் வழுக்கிவிடும். ஸ்பானர் வழுக்காது, கடித்துக்கொண்டே போய் அலுமினியத்தைத் தின்றுவிடும். இறுக்கவேண்டிய அளவு 15 முதல் 23 நியூட்டன் மீட்டர். இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் இல்லாதவர்கள், விரலால் முழுவதும் இறுகிய பிறகு, புதுப் பிளக்காக இருந்தால் அரைச்சுற்றும் அதற்குச் சற்று மேலும் திருப்பினால் வாஷர் நசுங்கி உட்காரும். ஒருமுறை நசுங்கிய வாஷர் உள்ள பிளக்குக்குப் பன்னிரண்டில் ஒரு பங்குச் சுற்றே போதும். மரையில், அது இறுகிப் பிடித்துக்கொள்ளாமல் தடுக்கும் ஆன்டிசீஸ் பசை தடவியிருந்தால், அதே டார்க் அளவில் பிளக் கூடுதலாக இறுகிவிடும் என்பதையும், உலோகப் பூச்சுள்ள பிளக்குகளுக்கு அந்தப் பசை வேண்டாம் என்று என்ஜிகே அறிவுறுத்துவதையும் நினைவில் வையுங்கள்.

தளர்வாக விட்டாலும் தொல்லைதான். பிளக் தன் சூட்டை இறக்கிவைப்பது வாஷரும் மரையும் சிலிண்டர் ஹெட்டைத் தொடும் இடத்தில். தளர்ந்த பிளக் சூடேறி முன்கூட்டியே பற்றவைக்கும், அழுத்தமும் கசியும். அந்தக் கசிவு குருவி கத்துவதுபோல் ‘கிச் கிச்’ என்று கேட்கும். இங்கே ஓர் எச்சரிக்கை சொல்லியாகவேண்டும்: மியாட்டாவின் வால்வுகளைத் தாங்கும் ஹைட்ராலிக் லிஃப்டர்கள் குளிர்ந்த எஞ்சினில் ‘டிக் டிக்’ என்று தட்டுவது இந்தக் காரின் பிறவிக் குணம். அது ஆயில் சூடேறியதும் பெரும்பாலும் அடங்கும். பிளக் கசிவோ முடுக்கியை அழுத்த அழுத்த ஓங்கும். பிளக் மாற்றிய அன்றுதான் பலர் தம் எஞ்சினை முதன்முறையாக உற்றுக் கேட்கிறார்கள் என்பதால், என்றோ தொடங்கிய சத்தத்தை அன்று தொடங்கியதாக எண்ணிக்கொள்வது இயல்பு.

எந்தச் சிலிண்டர் உறங்குகிறது

1996 முதல் அமெரிக்காவில் விற்ற மியாட்டாக்களில் ஓபிடி-2 இணைப்பு (எஞ்சின் கணினி பதிந்த கோளாறுகளைப் படிக்கும் இணைப்பு) உண்டு. மலிவான ஸ்கேனர் ஒன்றே பி0301 முதல் பி0304 வரையான குறியீடுகளால் சிலிண்டரின் எண்ணைச் சொல்லிவிடும். அதற்கு முந்தைய கார்களில் கைவழிதான்.

பழைய மெக்கானிக்குகள் ஓடும் எஞ்சினில் பிளக் கம்பியை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்ப்பார்கள். மியாட்டாவில் அதைச் செய்யாதீர்கள். இரண்டு பிளக்குகளும் ஒரே காயிலின் இரு முனைகளில் தொடராக இணைந்திருப்பதால், ஒன்றைப் பிடுங்கினால் அதன் துணையும் பாதிக்கப்பட்டு, கிடைக்கும் விடை குழப்பமாகும். போக வழியற்ற உயர் அழுத்தம் காயிலையே கெடுக்கவும் கூடும். மாறாக, எஞ்சின் ஐட்லிங்கில் ஓடும்போது பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்களின் மின் இணைப்பை ஒவ்வொன்றாகக் கழற்றிச் செருகுங்கள். கழற்றியதும் எஞ்சின் வேகம் ஒரு கணம் விழுந்து உதறல் கூடினால், அந்தச் சிலிண்டர் வேலை செய்துகொண்டிருந்தது. எந்த மாற்றமும் இல்லையென்றால் உறங்குவது அதுவே. இணைப்பைப் பூட்டும் கம்பிக் கிளிப் துள்ளி விழுந்து தொலையும் வழக்கமுடையது, கவனம்.

விடையை இப்படிப் படியுங்கள். 1ஆம், 4ஆம் சிலிண்டர்கள் இரண்டும் சேர்ந்து உறங்கினால், அல்லது 2ஆவதும் 3ஆவதும் சேர்ந்து உறங்கினால், அந்த இணைக்குப் பொதுவான காயில், அதன் மின் இணைப்பு, அல்லது முற்றிலும் அறுந்த ஒரு கம்பி ஆகியவற்றில் தேடவேண்டும். 1ஆவதும் 2ஆவதும் போல வேறு வேறு இணையைச் சேர்ந்த இரண்டு உறங்கினால், கம்பிகள் இடம் மாறியதா என்று மீண்டும் பாருங்கள். ஒன்றே ஒன்று உறங்கி அதன் துணை நன்றாக எரிந்தால், காயில் பெரும்பாலும் குற்றமற்றது; பொறி ஒரு பக்கத்தில் மட்டும் வழிதவறி உலோகத்துக்குப் போகிறது, அதாவது விரிசல்விட்ட பீங்கான், ஒழுகும் மூடி, மூடிய இடைவெளி. அந்தச் சிலிண்டரின் பிளக்கைப் பக்கத்துச் சிலிண்டரின் பிளக்கோடு மாற்றிப் போடுங்கள். கோளாறு பிளக்கோடு சேர்ந்து நகர்ந்தால் பிளக் குற்றவாளி, நகராவிட்டால் கம்பி. 2005இல் வந்த மூன்றாம் தலைமுறை முதல் ஒவ்வொரு பிளக்கின் தலையிலும் தனிக் காயில் அமர்ந்திருப்பதால், அந்தக் கார்களில் காயில்களையும் இதே வகையில் இடம் மாற்றிச் சோதிக்கலாம்.

பொறிக்குச் சம்பந்தமில்லாத உதறல்

நான்கு சிலிண்டர்களும் எரிகின்றன, ஆயினும் ஐட்லிங் ஏறி இறங்கி அலைகிறது என்றால், காற்றுப் பாதையைப் பாருங்கள். கையை நுழைக்கும்போது கேம் கவரிலிருந்து செல்லும் மூச்சுக் குழாய் நழுவியிருக்கலாம். காற்றளவியிலிருந்து எஞ்சினின் முன்புறமாகக் குறுக்கே செல்லும் பெரிய ரப்பர் குழாயின்மீது முழங்கையை ஊன்றியிருந்தால், அதன் மடிப்புகளில் ஏற்கெனவே இருந்த வெடிப்பு வாய் திறந்திருக்கலாம். அளவியைக் கடக்காமல் நுழையும் காற்றுக்குக் கணினி பெட்ரோல் ஒதுக்காது. 1.6 லிட்டர் எஞ்சினில் இன்னொரு விசித்திரமும் உண்டு: பெட்ரோல் பம்பை இயக்கும் சுவிட்ச் அந்தக் காற்றளவியின் மடலிலேயே இருக்கிறது. குழாய் முழுவதும் கழன்றுவிட்டால் மடல் திறக்காது, பம்ப் நின்றுவிடும், எஞ்சின் எடுத்த மறுகணமே அணைந்துவிடும். பொறியைத் தேடிப் பல மணி நேரம் வீணடித்தவர்கள் பலர், கடைசியில் ஒரு கிளாம்ப்பை இறுக்கித் தீர்வு கண்டிருக்கிறார்கள்.

பாதுகாப்புக்காகப் பேட்டரியைக் கழற்றியிருந்தால் (மியாட்டாவில் அது பானெட்டுக்கு அடியில் இல்லை, டிக்கியில் இருக்கிறது), கணினி தான் கற்றுவைத்த திருத்தங்களை மறந்திருக்கும். முதல் ஓட்டத்தில் ஐட்லிங் சற்றுத் தடுமாறுவது அதனால்தான். எஞ்சின் முழுச் சூட்டுக்கு வந்து சில கிலோமீட்டர் ஓடியதும் நிமிடத்துக்கு 850 சுற்றை ஒட்டி நிலைகொள்ளும். டிக்கியில் முனையைச் சரியாக இறுக்காமல் விட்டுவிட்டு, முன்னால் கோளாறு தேடுவதும் நடக்கிறது.

எடுக்கவே எடுக்காத எஞ்சின்

நான்கு சிலிண்டர்களும் ஒரே நேரத்தில் செத்துப்போக நான்கு பிளக்குகள் காரணமாவது அரிது. எல்லாவற்றுக்கும் பொதுவானதைத் தேடுங்கள்: காயில் தொகுப்பின் மின் இணைப்பு, சிலிண்டர் ஹெட்டின் பின்புறம் கேம்ஷாஃப்டின் கோணத்தைக் கணினிக்குச் சொல்லும் சென்சாரின் இணைப்பு, ஃபியூஸ். 4ஆம் பிளக்கை எட்டும் முயற்சியில் இந்தப் பின்பக்க இணைப்புகள் கை பட்டுத் தளர்வதுண்டு. அந்தச் சென்சாரின் போல்ட்டைத் தளர்த்தியிருந்தால் மட்டும் கொஞ்சம் கவலைப்படவேண்டும். அதைத் திருப்பினால் பொறி விழும் நேரமே மாறும், பிறகு பொறி விழும் நேரத்தைக் காட்டும் டைமிங் லைட் வைத்து 10 டிகிரிக்குத் திரும்ப அமைக்கவேண்டியிருக்கும்.

பலமுறை சாவியைத் திருப்பிப் பார்த்துவிட்டீர்கள், பெட்ரோல் வாடை மூக்கைத் துளைக்கிறது என்றால், பிளக்குகள் நனைந்துவிட்டன. அவற்றைக் கழற்றித் துடைத்து உலர்த்தி, கிணறுகளைத் திறந்தபடி சற்று நேரம் விட்டுவையுங்கள். திரும்பப் பொருத்திய பின், முடுக்கியை முழுவதும் மிதித்துப் பிடித்துக்கொண்டு திருப்பினால் மிகுதியான காற்று புகுந்து எஞ்சின் எடுக்க உதவும். வெளியே எடுத்த பிளக்கைக் கையில் பிடித்துப் பொறி வருகிறதா என்று பார்க்கும் பழைய வழக்கத்தைக் கைவிட்டு, சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் பொறிச் சோதனைக் கருவியை எஞ்சின் உலோகத்தில் மாட்டிப் பாருங்கள். திறந்த கிணறுகளிலிருந்து வரும் பெட்ரோல் ஆவிக்குப் பக்கத்தில் பொறியை விளையாடவிடக்கூடாது.

மரை கெட்டிருந்தால் மட்டும் இங்கே சொன்ன எதுவும் உதவாது. பிளக் இறுகாமல் சுற்றிக்கொண்டே இருந்தாலோ, பாதி வழியில் கடினப்பட்டு நின்றாலோ, வலுக்கொடுக்காமல் வெளியே எடுத்து, அதன் மரையில் அலுமினியத் துகள் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் எஞ்சினை ஓட்டவேண்டாம். அழுத்தம் பிளக்கைத் துப்பாக்கிக் குண்டுபோல் வெளியே தள்ளிவிடும். சிலிண்டர் ஹெட்டைக் கழற்றாமலே புது மரை உறை பொருத்தமுடியும் என்றாலும், துளையிடும்போது உதிரும் உலோகச் சீவலைச் சிலிண்டருக்குள் விழாமல் பிடிப்பதில் பழகிய கை தேவை. அந்த ஒரு வேலையைப் பட்டறைக்கு விட்டுவிடுங்கள், வண்டியை ஓட்டாமல் ஏற்றிக்கொண்டு போங்கள்.